தம்பியின் ஸ்விஃப்ட்டும் வண்ணாரப்பேட்டை பிரேக் கடையும்

கடையின் பெயரை இதில் தேடாதீர்கள். எழுதப் போகிறேன் என்று சொன்னதுமே கடைக்கார அண்ணன் கைகூப்பிவிட்டார். "வேணாம்மா, இருக்குற வண்டிக்கே சந்துல எடமில்ல. பேரு போட்டீங்கன்னா அடையாறுலேந்து போன் வரும், கொட்டேஷன் அனுப்புன்னுவாங்க." அதனால் பழைய வண்ணாரப்பேட்டையில், ஜி.ஏ. ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில், வாசலில் லாரி பிரேக் டிரம்மைக் கவிழ்த்துப் போட்டு ஸ்டூலாக வைத்திருக்கும் கடை என்று மட்டும் சொல்கிறேன். அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு அது போதும்.

வண்டி தம்பியுடையது. 2013 ஸ்விஃப்ட் இசட்டிஐ, டீசல். கத்தாருக்கு வேலைக்குப் போகும்போது சாவியை அம்மாவிடம் கொடுத்தான், அம்மா என்னிடம் கொடுத்தார். கம்பெனியிலிருந்து வந்தபோது அந்த 1.3 லிட்டர் எஞ்சினுக்கு 75 குதிரைத்திறன், 190 நியூட்டன் மீட்டர் டார்க். தம்பி ரீமேப் செய்து, அதாவது எஞ்சினின் கம்ப்யூட்டர் செட்டிங்கை மாற்றி, நூறுக்குப் பக்கத்தில் கொண்டுபோயிருப்பதாகச் சொல்வான். அளந்து பார்த்த தாள் எதையும் நான் கண்டதில்லை. ஆனால் டர்போ எழுந்துகொள்ளும்போது முதுகு சீட்டில் ஒட்டுவது உண்மை. 15 இஞ்ச் வீலைக் கழற்றி மொட்டை மாடி அறையில் போட்டுவிட்டு 16 இஞ்ச் கறுப்பு அலாய் மாட்டியிருந்தான். ஸ்பிரிங்கைத் தாழ்த்தியிருந்தான். பிரேக்குக்கு அவன் செய்தது இரண்டே காரியம்: முன்பக்கம் ஓட்டை போட்ட டிஸ்க், டிஸ்க்கைப் பேடால் கவ்விப் பிடிக்கும் காலிபரின் மேல் சிவப்பு நிறத்தில் ஒரு மூடி. தூரத்திலிருந்து பார்த்தால் ரேஸ் கார் காலிபர்போலத் தெரியும். கடைக்கார அண்ணன் பிற்பாடு அதற்கு வைத்த பெயர் 'சட்டை'.

நான் தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். வேலை மணலியில், ஒரு ரசாயனத் தொழிற்சாலையின் ஆய்வகத்தில். காலையில் டி.எச். ரோடு பிடித்து, திருவொற்றியூரில் திரும்பி, சாத்தங்காடு வழியாகப் போவேன். அந்த வழி தெரிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்கு: முன்னால் கன்டெய்னர் டிரெய்லர், பின்னால் டேங்கர், பக்கத்தில் இரும்புக் கம்பி ஏற்றிய மீன்பாடி வண்டி. டிரெய்லருக்குப் பிரேக் லைட் எரிந்தால் அன்று நல்ல நாள். இந்த ரோட்டில் எனக்கு வேண்டியது வேகமல்ல, நின்றால் போதும்.

நிற்காமல் போன கதை ஏலகிரியில் நடந்தது. அலுவலகத் தோழிகள் மூவருடன் போயிருந்தேன். அங்கே 14 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், புலவர்களும் கடையெழு வள்ளல்களுமாக. இறங்கும்போது நான் மூன்றாவது கியரிலும் நான்காவது கியரிலுமாக வண்டியை விட்டு, பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தேன். பாதி வழியில் கருகிய வாடை. இன்னும் இரண்டு வளைவு தாண்டியதும் பெடல் பஞ்சுபோல் உள்ளே போனது. மறுபடி மறுபடி மிதித்ததில் கொஞ்சம் பிடித்தது. கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, ஓரமாக நிறுத்தினேன். எந்த வள்ளலின் வளைவு என்று பலகையைப் பார்க்கத் தோன்றவில்லை. முன் வீலிலிருந்து புகை வந்தது. ஒரு தோழி அதற்குப் பிறகு என் வண்டியில் ஏறியதில்லை.

திரும்பி வந்ததும் தம்பிக்கு வாட்ஸப்பில் சொன்னேன். "பிக் பிரேக் கிட் போட்டுடுக்கா, நான் காசு அனுப்புறேன்" என்றான். அவன் சொன்ன ஆக்சஸரீஸ் கடைக்குப் போனேன். ஏசி போட்ட பெரிய கடை, காபி கொடுத்தார்கள். நாலு பிஸ்டன் காலிபர், பெரிய டிஸ்க், எல்லாம் சேர்த்து 62,000 ரூபாய் என்றார்கள். வண்டியை ஜாக்கி வைத்துத் தூக்கக்கூட இல்லை. ஏலகிரியில் என்ன ஆனது என்று யாரும் கேட்கவில்லை. காலிபர் என்ன கலரில் வேண்டும் என்று மட்டும் கேட்டார்கள். அட்வான்ஸ் கொடுக்காமல் எழுந்து வந்ததற்கு என் புத்திசாலித்தனம் காரணமல்ல. அன்று கார்டை வீட்டிலேயே விட்டுவிட்டேன்.

வண்ணாரப்பேட்டை கடையைக் காட்டியவர் எங்கள் தொழிற்சாலைக்கு வரும் டேங்கர் டிரைவர் ஒருவர். "அவரு லாரி பிரேக் பாத்து வளந்தவரு மேடம், அவரு சரின்னா சரி" என்றார். அண்ணனுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். மாதவரத்தில் லாரி ஷெட்டில் பிரேக் ஷூவுக்கு லைனர் வைத்து ரிவிட் அடிக்கிற பையனாக ஆரம்பித்தவர். கார் வேலைக்கு வந்து பதினைந்து வருடமாகிறதாம்.

முதல் நாள் அவர் ஸ்பேனரைத் தொடவில்லை. டிரம் ஸ்டூலைக் காட்டி உட்காரச் சொல்லிவிட்டுக் கேள்வி கேட்டார். ஏலகிரியில் பெடல் கல்லு மாதிரி இருந்தும் வண்டி நிற்கவில்லையா, இல்லை பெடலே உள்ளே போனதா? உள்ளே போனது என்றேன். "அப்ப பேடு மட்டும் இல்ல, ஆயில் கொதிச்சிருக்கு" என்றார். இந்த வித்தியாசம் எனக்கு அன்றுதான் தெரிந்தது. பேட் அளவுக்கு மீறிச் சூடானால் அதன் பிடிமானம் குறையும், ஆனால் பெடல் கெட்டியாகவே இருக்கும். பிரேக் ஆயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழி உண்டாகும். திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது, ஆவியைச் சுருக்கலாம். காலின் பலமெல்லாம் குமிழியைச் சுருக்குவதிலேயே போய்விடும், காலிபர்வரை வந்து சேராது.

அடுத்த கேள்விதான் எனக்கு 49,000 ரூபாய் மிச்சம் பண்ணியது.

"டவுன்ல அவசரமா மிதிச்சா ஏபிஎஸ் காலை உதைக்குதா?"

"உதைக்குது அண்ணா, டக்குடக்குன்னு."

"அப்ப பிரேக்குக்கு பலம் பத்தலன்னு எப்டி சொல்றீங்க? வீலைப் பூட்டுற அளவுக்கு அது புடிக்குது. ரோட்டப் புடிக்காதது டயரு."

கொஞ்ச நேரம் நான் பேசவில்லை. ஆய்வகத்தில் பதின்மூன்று வருடம் இருந்தும் இது எனக்குத் தோன்றவில்லையே என்று இருந்தது. வீல் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் வேலை செய்கிறது என்றாலே வீல் சுற்றாமல் நிற்கப் பார்க்கிறது என்று அர்த்தம். அதற்கு மேல் எவ்வளவு பெரிய டிஸ்க் போட்டாலும், எத்தனை பிஸ்டன் வைத்தாலும், முதல் தடவை மிதிக்கும்போது வண்டி நிற்கிற தூரம் குறையாது. பெரிய டிஸ்க்கால் கிடைப்பது வேறு: அது அதிகச் சூட்டைத் தாங்கும். ரேஸ் டிராக்கில் சுற்றுக்குச் சுற்று மிதிப்பவர்களுக்கு அது வேண்டும். சாத்தங்காட்டில் டிரெய்லர் பின்னால் போகிற எனக்கு எதற்கு?

அண்ணன் வீலுக்குப் பக்கத்தில் குந்தி, டயரின் பக்கவாட்டில் விரலை வைத்துத் தேய்த்துக் காட்டினார். நீள்வட்டத்துக்குள் நான்கு எண்கள்: 2316. 2016ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் தயாரானது. பட்டன் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் ரப்பர் காய்ந்துபோய் நகம் பதியவில்லை. "மொதல்ல இத்த மாத்துங்க. நான் டயர் விக்கிறதில்ல, வேற எங்கியாச்சும் வாங்கிக்கோங்க" என்றார். வாடிக்கையாளரின் முதல் செலவை வேறு கடைக்கு அனுப்புகிற ஆளை அன்றுதான் பார்த்தேன்.

டயர் விஷயத்தில் நான் தம்பியைக் கேட்கவே இல்லை. மொட்டை மாடியிலிருந்து பழைய 15 இஞ்ச் வீல்களை இறக்கி, 185/65 அளவில் புதிய எம்ஆர்எஃப் டயர் நான்கு போட்டேன். 22,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே ஆனது. எம்ஆர்எஃப்தான் என்று நான் பிடிவாதம் பிடித்ததற்குப் பொறியியல் காரணம் கிடையாது. 1946இல் அந்தக் கம்பெனி பலூன் செய்யத் தொடங்கியது எங்கள் திருவொற்றியூரில், அப்பா அங்கே ஷிஃப்ட் போனவர். கறுப்பு அலாய்களை விற்றுவிட்டேன். இதைத் தம்பியிடம் ஒரு மாதம் கழித்துத்தான் சொன்னேன்.

இப்போது பிரேக் வேலைக்கு வருகிறேன். இரண்டாம் நாள் வீல்களைக் கழற்றியதும் வெளிவந்த விஷயங்கள் ஒவ்வொன்றும் ஒரு கதை.

சட்டையைக் கழற்றியபோது அதன் ஒரு பிடிப்பு ஏற்கெனவே விட்டுப்போய் உள்பக்கம் உரசித் தேய்ந்திருந்தது. காற்றுப் பட்டு ஆற வேண்டிய காலிபருக்குப் போர்வை போர்த்தியதுபோல் அது வேறு. ஓட்டை டிஸ்க்கைத் துணியால் துடைத்துவிட்டு டார்ச் அடித்துக் காட்டினார். ஓட்டைக்கும் ஓட்டைக்கும் இடையே முடிபோல மெல்லிய விரிசல்கள். முன்காலத்துப் பேடுகள் சூட்டில் வாயுவை அதிகம் விடும், அது வெளியேறத்தான் ஓட்டை போட்டார்கள் என்பார்கள். இப்போதைய பேடுகளுக்கு அவசியமில்லை. சூடும் ஆறலும் மாறி மாறி வரும்போது விரிசல் தொடங்க ஓட்டையின் விளிம்பு வசதியான இடம். மழைக்கும் அழகுக்கும் ஓட்டை உதவலாம், நான் விரிசலைப் பார்த்த பிறகு எனக்கு அழகு தேவைப்படவில்லை.

உண்மையான குற்றவாளி அதற்கும் உள்ளே இருந்தது. இடது முன் காலிபரில் கீழ் ஸ்லைடு பின் அசையவே இல்லை. இந்தவகைக் காலிபரில் பிஸ்டன் ஒரு பக்கம்தான் இருக்கும். அது உள்பேடைத் தள்ளும், காலிபர் முழுவதும் இந்தப் பின்களின் மேல் வழுக்கி வந்து வெளிப்பேடை இழுத்துப் பிடிக்கும். ஸ்லைடு பின் இறுகினால் உள்பேட் மட்டுமே உழைக்கும், மிதியை விட்ட பிறகும் உரசிக்கொண்டே இருக்கும். என் வண்டியில் வெளிப்பேட் பாதிக்கு மேல் மிச்சம், உள்பேட் பிஸ்கட் கனத்துக்கு வந்துவிட்டது. பிரேக் போட்டால் வண்டி கொஞ்சம் இடதுபக்கம் போவதை நான் ரோட்டின் சரிவு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஸ்லைடு பின் ஏன் இறுகியது? முன்பு யாரோ அதற்குச் சாதாரண மஞ்சள் கிரீஸ் தடவியிருக்கிறார்கள். பெட்ரோலியக் கிரீஸ் பட்டால் அங்கிருக்கும் ரப்பர் ஊறிப் பெருத்துவிடும். இதற்கென்று சிலிக்கான் கிரீஸ் இருக்கிறது, ஒரு சின்ன பொட்டலம் போதும், விலை இரண்டு டீ, இரண்டு பஜ்ஜிக்கு மேல் போகாது. அண்ணன் அந்த ஊறிப்போன ரப்பரை என் உள்ளங்கையில் வைத்து, "அறுபதாயிரம் கிட்டுக்கு இதான்ம்மா காரணம்" என்றார்.

பிரேக் ஆயிலை மட்டும் நான் விடவில்லை, அது என் துறை. டப்பாவிலிருந்து வந்தது டிகாஷன் நிறத்தில் இருந்தது. ஒரு சின்ன பாட்டிலில் பிடித்துப் போய் ஆய்வகத்தில் கார்ல் ஃபிஷர் முறையில் அதிலிருந்த தண்ணீரை அளந்தேன். (மேனேஜர் இதைப் படிக்க மாட்டார் என்று நம்புகிறேன்.) 4.1 சதவீதம். வழக்கமான பிரேக் ஆயில் கிளைக்கால் வகை, ஈரத்தை இழுக்கும் குணம் உள்ளது. மூடி வழியாகவும் ரப்பர் ஹோஸ் வழியாகவும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் சேரும். கடல் காற்றில் உப்பு டப்பா கட்டியாகிற ஊர் நம்முடையது. புதிய டாட் 3 தர ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ்வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. 3.7 சதவீதம் தண்ணீர் ஏறிய நிலையில் அந்த வரம்பு 140. டாட் 4க்கு 230, ஈரம் ஏறினால் 155. டாட் 5.1க்கு 260, 180. என் ஆயில் சோதனைக்கு வைக்கும் ஈர அளவையே தாண்டிவிட்டிருந்தது. ஏலகிரியில் அது கொதித்ததில் ஆச்சரியமில்லை, அதற்கு முன்பே கொதிக்காததுதான் ஆச்சரியம். டாட் 5 என்று ஒன்று உண்டு, பெயரைப் பார்த்து 5.1க்குத் தம்பி என்று நினைத்துவிடாதீர்கள். அது சிலிக்கான், மற்றவற்றோடு கலக்கக் கூடாது, நம் வண்டிகளுக்கு வேண்டாம்.

சூடு எவ்வளவு என்று ஒரு கணக்கும் போட்டுப் பார்த்தேன். ஆட்களோடு சேர்த்து 1,200 கிலோ என்று வைத்தால், 100 கி.மீ. வேகத்திலிருந்து ஒருமுறை நிறுத்தும்போது பிரேக் விழுங்கும் ஆற்றல் சுமார் 463 கிலோஜூல். குழாய்த் தண்ணீர் ஒன்றரை லிட்டரைக் கொதிக்க வைக்கலாம். 60 கி.மீ.யிலிருந்து என்றால் அதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான், ஏனென்றால் இது வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். ரீமேப் செய்து வேகத்தைக் கூட்டுகிறவர்கள் டர்போ அழுத்தத்தைப் பற்றிப் பேசுகிற நேரத்தில் பாதியை இதற்குக் கொடுக்கலாம்.

பேட் வாங்கும்போது சிறு வாக்குவாதம் நடந்தது. தம்பி வெளிநாட்டு ரேஸ் பேட் அனுப்புகிறேன் என்றான். அண்ணன் வேண்டாம் என்றார். ரேஸ் பேட் சூடானால்தான் பிடிக்கும், காலையில் வீட்டு வாசலில் பால் வண்டி குறுக்கே வரும்போது அது குளிர்ந்திருக்கும். பேடின் முதுகில் இரண்டு எழுத்து அச்சடித்திருப்பார்கள். முதல் எழுத்து சாதாரண நிலையில் உராய்வு, இரண்டாவது அதிகச் சூட்டில். இ என்றால் 0.25 முதல் 0.35, எஃப் என்றால் 0.35 முதல் 0.45, ஜி என்றால் 0.45 முதல் 0.55. நாங்கள் எடுத்தது எஃப்எஃப், உள்ளூர்த் தயாரிப்பு, செமி மெட்டாலிக். பிராண்டு சண்டைக்கு நான் வரவில்லை, எழுத்தைப் பார்த்து வாங்குங்கள். பிரேக்ஸ் இந்தியா 1962இல் தொடங்கியது பாடியில், ராணேவின் பிரேக் லைனிங் தொழிற்சாலை அம்பத்தூரில். "நம்ம ஊர்லேந்து தேசம் பூரா பிரேக் போவுது, நீங்க கத்தார்லேந்து வர வெக்கிறீங்க" என்று அண்ணன் சிரித்தது நியாயம்தான்.

பெரிய வண்டியின் காலிபரை மாட்டலாமா என்று கடைசியாக ஒருமுறை கேட்டேன். பிஸ்டன் பெரிதானால் அதைத் தள்ள அதிக ஆயில் வேண்டும், பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் அதே பழையது என்றால் பெடல் ஆழமாகப் போகும். முன்னால் மட்டும் பலத்தைக் கூட்டினால் பின் டிரம் சும்மா இருக்கும், கம்பெனி போட்ட சமநிலை கெடும். இதைச் சொல்லிவிட்டு, "ஆர்டிஓ பாத்தா அது வேற" என்றார். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவின்படி கம்பெனி குறிப்பிட்டதிலிருந்து வண்டியை மாற்றியமைக்க நமக்கு இஷ்டம்போல் உரிமை கிடையாது. அந்தக் கணக்கில் ரீமேப் பற்றி நான் வாய் திறக்காமல் இருப்பது நல்லது.

ஆக, வண்டிக்குப் போட்டது: ஓட்டையில்லாத கம்பெனி அளவு டிஸ்க் ஜோடி 4,200, பேட் 2,100, பின்பக்க ஷூவும் வீல் சிலிண்டரும் 1,900, முன் ஹோஸ் இரண்டு 1,300, டாட் 4 ஆயில் 500, கூலி 3,000. மொத்தம் 13,000 ரூபாய். ஸ்டீல் நெய்த ஹோஸ் போட்டால் பெடல் இன்னும் கெட்டியாகும் என்பது உண்மை. புது ரப்பர் ஹோஸே எனக்குப் போதும் என்றுவிட்டார் அண்ணன்.

வேலையின் தரத்தைப் பற்றி: டிஸ்க் மாட்டுவதற்கு முன் ஹப்பின் முகத்தில் இருந்த துருவைக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து, ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பார்த்தார். அங்கே ஒரு துரும்பு துரு இருந்தாலும் டிஸ்க் ஆடும், சில ஆயிரம் கி.மீ. கழித்துப் பெடல் அதிரும். ஹோஸ் மாட்டும்போது காப்பர் வாஷர் புதிது போட்டார், பழையதைச் சுட்டுப் போடவில்லை. வீல் நட்டை நட்சத்திர வரிசையில், டார்க் ரெஞ்ச்சில் முறுக்கினார். தரையில் கிடந்த பொருள் ஒன்றைக்கூட அப்படியே எடுத்து மாட்டியதை நான் பார்க்கவில்லை.

இதெல்லாம் சரி. குறை இல்லையா என்றால், இருக்கிறது. இரண்டு நாள் என்றவர் நாலு நாள் எடுத்தார். நடுவில் ஒரு நாள் பையன் வரவில்லை, மறுநாள் கரென்ட் இல்லை. நான் மினி பஸ்ஸிலும் ஷேர் ஆட்டோவிலும் மணலி போய் வந்தேன். பில் கிடையாது, ஒரு துண்டுச் சீட்டில் பென்சிலால் எழுதிக் கொடுப்பார். உட்கார இடம் அந்த டிரம் மட்டும், வெயிலில் அதில் உட்கார்ந்தால் தோசை ஆகிவிடுவோம். கழிவறை பற்றிக் கேட்காதீர்கள், பெண்கள் வீட்டிலிருந்து திட்டமிட்டு வருவது நல்லது.

இதைவிடப் பெரிய குறை ஒன்று. வண்டியை எடுத்த அன்று பெடல் எதிர்பார்த்ததைவிட ஆழமாகப் போனது. டோல்கேட் தாண்டுவதற்குள் எனக்குச் சந்தேகம், திருப்பிக்கொண்டு போனேன். ஆயில் குழாயிலிருந்த ஏரை நன்றாக எடுத்திருந்தார், ஆனால் பின்பக்கம் புது ஷூ போட்டவர் அட்ஜஸ்டரை டிரம்முக்கு நெருக்கமாக வைக்க மறந்திருந்தார். ஷூ டிரம்மைத் தொடவே பெடல் பாதி பயணம் போய்விடுகிறது. பையன் மேல் பழி போடாமல், "என் தப்பும்மா, நான் மிதிச்சுப் பாத்திருக்கணும்" என்றார். அரை மணி நேரத்தில் சரி செய்து, மறுபடி ஏர் எடுத்து, அவரே மிதித்துப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். பிரேக் கடையில் இது நடக்கக் கூடாத மறதி. ஒப்புக்கொண்டது அவர் நேர்மை, ஆனால் மறந்ததை நான் எழுதாமல் விட முடியாது. நீங்கள் போனால், வண்டியை எடுக்கும் முன் சந்திலேயே நாலு முறை மிதித்துப் பாருங்கள்.

புதுப் பேடைப் பழக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். ஞாயிறு விடியலில் மீஞ்சூர் பக்கம் வெளிவட்டச் சாலைக்குப் போனேன், பின்னால் வண்டி வருகிறதா என்று பார்க்க மச்சானை உட்கார வைத்துக்கொண்டு. 60 கி.மீ.யில் போய் நிதானமாக 10வரை இறக்கு, முழுசாக நிறுத்தாதே, மறுபடி ஏறு, பத்துத் தடவை. பேடிலிருந்து மெல்லிய படலம் டிஸ்க் முழுக்கச் சீராக ஒட்ட வேண்டும். சூட்டோடு நிறுத்தி மிதித்துப் பிடித்தால் ஒரே இடத்தில் திட்டாக ஒட்டிவிடும். முடிந்ததும் தொடாமலே சூட்டை அளக்கும் ஆய்வகத்துத் துப்பாக்கிக் கருவியால் பார்த்தேன்: முன் டிஸ்க் 210 டிகிரிக்குப் பக்கம், பின் டிரம் 70. பளபளக்கும் இரும்பில் இந்தக் கருவி குறைத்துத்தான் காட்டும், உண்மைச் சூடு இன்னும் அதிகம் இருக்கும். லேசாகப் பெயின்ட் வாடை வந்தது, மச்சான் மூக்கைப் பொத்திக்கொண்டார். பிறகு இருபது நிமிடம் பிரேக்கே தொடாமல் மெதுவாக ஓட்டி ஆற வைத்தோம். அப்படியே மீஞ்சூரில் இட்லி.

ஏழு மாதம், 8,000 கி.மீ. ஆகிவிட்டது. பெடல் கெட்டியாக, மேலேயே பிடிக்கிறது. வண்டி இடதுபக்கம் போவதில்லை. மழை நாளில் சாத்தங்காட்டில் ஒரு டிரெய்லர் திடீரென்று நின்றபோது ஏபிஎஸ் முன்பைவிடத் தாமதமாகத்தான் உதைத்தது, அது புது டயரின் வேலை. தை மாதம் திரும்ப ஏலகிரி போனேன். இந்த முறை இரண்டாவது கியரில், எஞ்சினைப் பிடிக்க விட்டு, வளைவுக்கு முன் மட்டும் மிதித்து இறங்கினேன். வாடை இல்லை. இதில் பிரேக்குக்கு எவ்வளவு பங்கு, கியருக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. அண்ணனைக் கேட்டால் கியருக்குத்தான் அதிகம் என்பார், முதல் நாளே என்னைத் திட்டியவர் அவர்.

தொல்லை என்றால், காலையில் முதல் இரண்டு மிதி கீச்சென்று கத்துகிறது. இரவு முழுதும் கடல் காற்றில் டிஸ்க் மேல் பழுப்பு பூக்கிறது, நாலு வீடு தாண்டினால் போய்விடும். செமி மெட்டாலிக் பேடின் கறுப்புத் தூள் முன் வீலில் படிகிறது, வாரம் ஒருமுறை கழுவ வேண்டும். பிரேக் ஆயில் டப்பாவின் மேல் அண்ணன் ஒரு காகித டேப் ஒட்டி, இரண்டு வருடம் கழித்து வரும் தேதியைப் பேனாவால் எழுதியிருக்கிறார். அவர் கொடுத்த எழுத்துபூர்வமான ஆவணம் இதுவரை அது ஒன்றுதான்.

கடைக்குப் போகிறவர்கள் காலை ஒன்பதரைக்குள் போங்கள். பத்துக்கு மேல் சந்தில் மூன்று சக்கர வண்டிகள் அடைத்துவிடும், ரிவர்ஸில்தான் வெளியே வர வேண்டும். காசு, ஜிபே இரண்டும் வாங்குகிறார். சும்மா விலை கேட்டுப் போனால் பேச மாட்டார். வண்டியோடு போய், என்ன ஆனது என்று முழுக் கதையும் சொன்னால் பேசுவார்.

தம்பி லீவில் வந்தான். வண்டியை எண்ணூர் விரைவுச்சாலைவரை ஓட்டிவிட்டு வந்து, "பிரேக் நல்லாத்தான்க்கா இருக்கு, ஆனா பாக்க ஒண்ணுமே தெரியலையே" என்றான். கறுப்பு அலாய்களுக்காக இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். சிவப்புச் சட்டைகளை மாடியிலிருந்து தேடி எடுத்து, கழுவி, காய வைத்தான். மறுநாள் பார்த்தால் வண்டியில் அவை இல்லை. அம்மா ரோஜாத் தொட்டிக்கு அடியில் அண்டக் கொடுத்திருந்தார்.